மோசத்தை முதலில் எழுதும் மதினி

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோகாது. "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வா" என்பாள் அம்மா. விளக்கை யாரும் அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். கிளம்புகிறவர்கள் யாரும் போக மாட்டார்கள், போயிட்டு வருவார்கள். கெட்ட வார்த்தை என்றால் எங்களுக்கு ஏச்சு வார்த்தை இல்லை. ஏச்சுக்கு எங்கள் தெருவில் குறைச்சலே கிடையாது, தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கெட்ட வார்த்தை என்றால் கெட்டது நடக்கும் என்று சொல்கிற வார்த்தை. வாயால் சொல்லிவிட்டால் அது காதில் வாங்கிக்கொண்டு வந்துவிடும் என்று அம்மா நம்பினாள். அம்மாவின் அம்மாவும் அப்படித்தான் நம்பியிருப்பாள்.

இந்த வீட்டுக்குத்தான் என் அண்ணன் இளையரசனேந்தலில் இருந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். எதைச் சொன்னாலும் "நடக்காட்டி என்ன செய்ய?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

மதினி என்று மட்டும் சொல்கிறேன், பேர் வேண்டாம். அவளுடைய தம்பி பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி. நம்பரை மாற்றிவிட்டாள். எங்கே இருந்தாலும் சரி, அந்தப் பேரை இனிமேல் யாரும் வாயில் போட்டு மெல்ல வேண்டாம். எங்கள் ஆட்கள் மென்றது போதும்.

கல்யாணமாகி வந்த புதிதில் பெரியம்மா வீட்டில் ஒரு விசேஷம். ஐப்பசி மாசம். மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பந்தி. முந்தின நாள் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது மதினி மண்டபத்துக்காரரிடம் போய், "மழை வந்தா பந்தியை எங்கன மாத்துவீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் பாவம், தலையைச் சொறிந்தார். பெரியம்மாவுக்குத்தான் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"நல்ல காரியம் நடக்கப்போற இடத்துல என்ன பேச்சு பேசுதா உன் மருமக?" என்று அம்மாவைப் பிடித்தாள்.

மழை வரவில்லை. மறுநாள் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் மதினி வானத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன மதினி என்றேன். "என் கணக்கு தப்பாப் போச்சுட்டி, எவ்வளவு நல்லாருக்கு பாரு" என்றாள். அதை அவள் மனசாரச் சொன்னாள். தான் சொன்னது நடக்காமல் போனால் இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பிடுங்கிப்போட மனசில்லாத பொம்பிளை அவள்.

ஏன் எப்போது பார்த்தாலும் கெட்டதையே முதலில் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை மதினியிடமே கேட்டேன்.

"எங்க ஊரு மானாவாரிட்டி. மழையைத்தான் நம்பி இருக்கோம். விதைக்கும்போதே எங்கய்யா கேப்பாக, மழை ஏமாத்திட்டா எந்த ஆட்டை முதல்ல விக்கன்னு. அதைக் கேட்டுக்கிட்டேதான் நாங்க சாப்பிடுவோம். யாரும் அழ மாட்டோம். சோத்துக்கு மோரா ரசமான்னு கேக்க மாதிரிதான் அதுவும்."

"மழை பெஞ்சுட்டா?"

"பெஞ்சா பாயசம்லா! எங்கய்யா கணக்கு தப்பின வருஷமெல்லாம் எங்களுக்குப் புதுத்துணி."

அவளுடைய அப்பா, அந்த அய்யா, எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் வருவார். விளைந்த பருத்தியிலும் வத்தலிலும் ஒரு பிடி கொண்டுவந்து அம்பாள் சப்பரத்தின் மேல் வீசிவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒன்றும் விளையாத வருஷமும் வந்தார். அன்றைக்கும் அதே சாப்பாடுதான் சாப்பிட்டார், அதே வெற்றிலைதான் போட்டார். எனக்கு அந்த வீட்டு ஆட்களைக் கொஞ்சம் புரிந்தது.

அம்மா கெட்டவள் இல்லை. மதினி ஒன்றைச் சொல்லிவிட்டால் கோபப்பட மாட்டாள். உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து அவளை நிற்கவைத்துச் சுற்றி அடுப்பில் போடுவாள். மதினி பேசுகிற வேகத்துக்கு எங்கள் வீட்டு மாசச் சாமானில் மிளகாய் கூடிக்கொண்டே போனது. மதினியும் சிரித்துக்கொண்டே நிற்பாள். ராத்திரி அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவாள். எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி அம்மா தலையைக் கொடுத்தது அவள் ஒருத்தியிடம்தான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மதினி கணக்கில் எம்.எஸ்ஸி. நான் பி.காம் முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருந்தேன். எனக்கு மேலே ஏதாவது படிக்க வேண்டும் என்று ஆசை, அவளுக்கு மாவாட்டி மாவாட்டி மூளை துருப்பிடித்துவிடும் என்று பயம். அண்ணன்தான் இரண்டு பேரையும் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் சேர்த்துவிட்டான். ஒரு கம்பெனியின் பங்கு, ஒரு கடன் பத்திரம், இதற்கெல்லாம் உண்மையில் என்ன விலை தகும் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது. அதில் பணத்தைப் போட்டால் எவ்வளவு தூரம் முழுகும் என்று முன்கூட்டியே பார்த்துவைப்பது. ஃபைனான்சியல் மாடலிங் என்று பேர். மாடலிங் படிக்கிறோம் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாடியில் ஒரு அறை, ஒரே ஒரு லேப்டாப். கீழே தறி ஓடிக்கொண்டிருக்கும். கரண்டு போனால்தான் சென்னையில் இருந்து சார் பேசுவது தெளிவாகக் கேட்கும், ஆனால் கரண்டு போனால் நெட்டும் போய்விடும். ஒரு ஹெட்போனில் ஆளுக்கு ஒரு காது என்று பங்குபோட்டுக் கேட்டோம்.

கீபோர்டில் நான் வேகம். மவுஸைத் தொடாமல் பக்கம் பக்கமாகத் தாண்டிவிடுவேன். மதினி இரண்டு விரலால் தட்டுவாள். ஆனால் விஷயம் அவளுக்குத்தான் முதலில் பிடிபடும். வட்டி ஏறினால் பழைய கடன் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்று எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"ஏட்டி, உன் கையில இருக்க பத்திரம் வருஷத்துக்கு எட்டு ரூவா தருது. நாளைக்குப் புதுசா ஒண்ணு வருது, அது ஒம்பது தருது. பொறவு உன் பழசை எவன் அதே விலைக்கு வாங்குவான்? குறைச்சுத்தானே கேப்பான்?"

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது.

எந்தக் கம்பெனியை எடுத்தாலும் கணக்கை மூன்று விதமாகப் போட வேண்டும். எல்லாம் வழக்கம்போல் போனால் ஒன்று, நன்றாகப் போனால் ஒன்று, மோசமாகப் போனால் ஒன்று. கேஸ் என்று அதற்குப் பேர். எல்லோரும் நடுவில் இருப்பதை முதலில் போடுவோம். பிறகு அதில் கொஞ்சம் கூட்டினால் நல்ல கேஸ், கொஞ்சம் கழித்தால் மோசமான கேஸ். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். மதினி மட்டும் மோசத்தை முதலில் எழுதுவாள். அதை முடிக்காமல் மற்ற இரண்டையும் தொடமாட்டாள். "ஆகக் கூடி என்ன கெடும்னு தெரிஞ்சுட்டா மத்ததைத் தைரியமா எழுதலாம்லா" என்பாள்.

ஒரு நூல் மில்லுக்கு விலை போடச் சொல்லியிருந்தார் சார். நிஜ மில் இல்லை, பாடத்துக்காக உண்டாக்கினது. நான் அழகாகப் போட்டிருந்தேன். பஞ்சு விலை ஏறினால் இவ்வளவு அடி, அது தனியாக. நூல் விற்காமல் கிடந்தால் இவ்வளவு அடி, அது தனியாக. எதில் அடி விழுந்தாலும் மில் தாங்கிவிடும், பங்கை வாங்கலாம் என்று முடித்திருந்தேன். மதினி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டையும் ஒரே வருஷத்துல போட்டுப் பாரு."

"அது எப்படி மதினி ஒரே வருஷத்துல வரும்?"

"மழை இல்லாட்டி பஞ்சு விலை ஏறும். மழை இல்லாட்டி எங்க ஊருக்காரன் துணி வாங்க மாட்டான். ரெண்டும் ஒரே மழையைத்தானே பாத்துக்கிட்டு இருக்கு? தனித்தனியா எப்படிட்டி வரும்?"

போட்டுப் பார்த்தேன். மில் மூழ்கிவிட்டது.

அன்றைக்கு வகுப்பில் மதினி இதைச் சொன்னபோது சார் தன் கணக்கிலும் இரண்டையும் ஒரே வருஷத்தில் போட்டுப் பார்த்தார். பிறகு, "இந்தக் கேள்வியைக் கேக்கிறதுக்காகத்தான் மேடம் பெரிய பெரிய பேங்க்ல ஆள் வச்சிருக்காங்க" என்றார். மதினி முகம் சிவந்துபோய்க் கீழே இறங்கி வந்தாள். இறங்கின இடத்தில் அம்மா மிளகாயோடு நின்றாள், சாயங்காலம் தறிக்காரரிடம் மதினி வேறு எதையோ கேட்டு வைத்திருந்தாள். மேலே மெச்சிக்கொண்ட அதே வாய்க்குக் கீழே திருஷ்டி சுற்றினார்கள். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அண்ணனுக்குத் தன் பெண்டாட்டியை நினைத்து ஒரே பெருமை. மேடம் மேடம் என்று அவளை ஓட்டுவான். அவன் வாயில் எப்போதும் "ஒண்ணும் ஆகாதுட்டி" என்ற வார்த்தை இருக்கும். டயர் வழுக்கையாகிவிட்டது என்றாலும் ஒண்ணும் ஆகாது, பாங்கில் இருந்து போன் வந்தாலும் ஒண்ணும் ஆகாது. வீட்டை வைத்துக் கடன் வாங்கித்தான் புதுத் தறிகள் போட்டிருந்தான். அவள் கேட்பாள், அவன் சிரிப்பான், இப்படியே அவர்களுக்குப் பொழுது போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு. அண்ணன் சாப்பிட உட்கார்ந்தவன், "மேடம், ஊருல இருக்க மில்லுக்கெல்லாம் பாக்கியே, நம்ம வீட்டுக்கும் தறிக்கும் சேத்து ஒண்ணு போடேன். நாம தேறுவோமா?" என்றான்.

"கேட்டா சொல்லுவேன். பொறவு மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"தூக்கல, போடு."

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் எலும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.

"நூல் விலை ஏறுனா எவ்வளவு நாள் தாக்குப் பிடிப்பீங்க?"

அண்ணன் சொன்னான். தட்டினாள்.

"சேலை எடுத்த கடைக்காரர் பாக்கியை இழுத்தடிச்சா?"

அதையும் சொன்னான். தட்டினாள்.

"நீங்க இல்லாட்டி?"

நூல் விலையைக் கேட்ட அதே குரல். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கண் திரையில் இருந்தது. அவளுக்கு அது அடுத்த வரி.

அம்மா கையில் அகப்பை அப்படியே நின்றது. "ஏளா, என்ன சொன்ன?"

"இல்ல அத்தை, ஒரு கேஸுக்குத்தான்..."

"கேஸாம்ல கேஸு! சோத்துல கை வச்சிருக்க புள்ளயப் பாத்து, கழுத்துல தாலியைப் போட்டுக்கிட்டு, என்ன வார்த்தைட்டி கேக்க நீ?"

அண்ணன் முதலில் சிரித்தான். பிறகு மதினி முகத்தைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. கேட்டபோது கலங்கவில்லை, அம்மா ஏசினதும்தான் தான் எதைக் கேட்டோம் என்று அவளுக்கே உறைத்திருக்கிறது. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"எம்மா, நீ சும்மா இரு. அவ கேக்கது சரிதானே. நான் இல்லாட்டி தறியை யாரு பாப்பா, நீயா பாப்ப?" என்றான். பிறகு அவளிடம், "போடுட்டி" என்றான்.

போட்டாள். தறி நின்றுவிடும். பாதித் தறியை விற்றாலும் கடன் அடையாது. கொஞ்ச நாளில் பாங்க்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அண்ணன் எழுந்து கை கழுவிவிட்டு வந்து ஈரக் கையோடு திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வாரம் தன் பேரில் ஒரு பெரிய இன்சூரன்ஸ் எடுத்தான். அதற்கான சோதனைக்குத் திருநெல்வேலி போய் ரத்தமெல்லாம் கொடுத்துவிட்டு வந்து, "மேடம், ஆளு கல்லு மாதிரி இருக்கேனாம்" என்றான். அம்மா கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவந்து அவன் நெற்றியில் இட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மதினி நெற்றியிலும் இட்டாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் போனது. அவ்வளவு நன்றாக இருந்தோம். கோர்ஸ் பரீட்சையின் முதல் பகுதியை இரண்டு பேரும் எழுதினோம். போகும்போது பஸ்ஸில், "பெயிலானா அடுத்த பரிச்சை எப்பம்னு பாத்து வச்சிருக்கேன், கவலைப்படாத" என்று என்னைத் தேற்றிக்கொண்டே வந்தாள். தேற்றுவதில் அது ஒரு வகை. இரண்டு பேரும் பாஸ். அன்றைக்கு அவள் தெருவுக்கே பாயசம் வைத்தாள், பெரியம்மா இரண்டு டம்ளர் குடித்தாள்.

பிறகு ஒரு நாள் பனவடலிசத்திரம் பக்கம் பாக்கி கேட்க பைக்கில் போன அண்ணன் திரும்பி வரவில்லை. நல்ல வெயில் நேரம். லாரி. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அம்மா மயங்கி மயங்கி விழுந்தாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. மதினிதான் ஆஸ்பத்திரியில் நின்றாள், போலீஸ் கேட்ட கையெழுத்தெல்லாம் போட்டாள், வண்டி பேசினாள், வீட்டு வாசலில் பந்தல் போடச் சொல்லி ஆள் அனுப்பினாள். அவள் அழுததை நான் பார்த்தேன், ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் அழுதாள். ஆனால் தெரு பார்த்தது, வாசலில் வந்து இறங்கி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த மதினியைத்தான்.

"அவ எதுக்கு இனி அழப்போறா? அன்னைக்கே சொன்னாள்லா, நீங்க இல்லாட்டின்னு," என்றாள் பெரியம்மா. மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னது தெரு முழுக்கப் போயிற்று. போகப் போக வளர்ந்தது. கம்ப்யூட்டரில் நாள் குறித்து வைத்திருந்தாள் என்று ஆயிற்று. பதினாறாம் நாள் வருவதற்குள், புருஷனைச் சோற்றில் உட்காரவைத்து வாய்விட்டுக் கொன்றவள் என்று ஆகிவிட்டது. படித்தவர்களும் சொன்னார்கள். என் ஆடிட்டர் ஆபீசில் இருந்து துக்கம் கேட்க வந்த ஒருவர், "சில பேர் வாய் அப்படிம்மா, என்ன செய்ய" என்றார். செருப்பை எடுத்திருப்பேன், இழவு வீடாகப் போயிற்று.

அடுப்படியில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மக்கா, நான் கேட்டதாலயா?"

"மதினி, கோட்டி மாதிரி பேசாதீங்க. சொல்லுததுக்கும் நடக்கதுக்கும் என்ன சம்பந்தம்? மழை இல்லாட்டின்னு உங்கய்யா சொன்னதாலயா மழை பெய்யாமப் போச்சு?"

"அது எனக்குத் தெரியும்ட்டி. தெரிஞ்சும் கேக்கத் தோணுதே" என்றாள்.

தறி நின்றது, பாதியை விற்றும் கடன் மிஞ்சியது. இன்சூரன்ஸ் பணம் அவள் பேருக்கு வந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக பாங்குக்குப் போய்க் கடனை முடித்தாள். வீட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்து அம்மா மடியில் வைத்தாள். அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சாவுக்காசு என்று பெரியம்மா சொன்னாள். அந்தக் காசு மீட்ட வீட்டுக்குள், அந்தக் காசு மீட்ட நாற்காலியில் உட்கார்ந்து, மதினி போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சில மாசம் இப்படி ஓடியது. ஒரு மத்தியானம் மதினி அம்மாவுக்குச் சோறு வைத்தாள். அம்மா தட்டைத் தள்ளினாள்.

"நீ பரிமாறாத தாயி."

"ஏன் அத்தை?"

"நீ சோறு வச்சா எனக்கு அந்த ஞாயித்துக்கிழமைதான் வருது. எம்புள்ள கையில சோறு இருக்கு, நீ கேக்க. தினமும் அதையே பாக்கேன். உன் மேல கோவம் இல்ல. உன்னப் பாக்க முடியல. உங்கய்யா வீட்டுக்குப் போயிரு."

நான் அம்மாவிடம் கத்தினேன். நீ உட்கார்ந்திருக்கிற வீடு அவள் கேட்ட அந்தக் கேள்வியால் தப்பின வீடு, அவள் கேட்டிருக்காவிட்டால் நீயும் நானும் இப்போது தெருவில், இது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று கத்தினேன்.

"தெரியும்ட்டி," என்றாள் அம்மா. "தெரிஞ்சதாலதான் அவ மூஞ்சியப் பாக்க முடியல. எம்புள்ளையக் கொடுத்து வாங்கின வீடுல்லா இது." பிறகு அழுதாள்.

மதினியின் தம்பி வேன் எடுத்துக்கொண்டு வந்தான். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. அத்தைக்குத் தினமும் அந்த வலியைக் கொடுத்துக்கொண்டு இங்கே இருக்க முடியாது என்றாள். மாத்திரை எல்லாம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குக் காட்டினாள். அம்மா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மதினி கதவோரம் நின்று பார்த்துவிட்டு வேனில் ஏறினாள்.

பரீட்சையின் அடுத்த பகுதியை நான் மட்டும் எழுதினேன். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. எந்தெந்தக் கம்பெனிக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்த்துச் சொல்கிற வேலை. மோசத்தை முதலில் எழுதுகிறேன் என்று அங்கே எனக்கு நல்ல பேர். அதைக் கேட்கும்போதெல்லாம் திருட்டு நகையைப் போட்டுக்கொண்டிருக்கிற மாதிரி கூசும்.

அவள் பெங்களூர் போவதற்கு முன்னால் ஒரு தடவை லீவில் வந்தபோது குருவிகுளம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி இளையரசனேந்தல் போனேன். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. பருத்தி இடுப்பளவுக்கு நின்றது. மதினி மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள், அம்மாவுக்குச் சக்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். சாப்பிட உட்கார்ந்தோம். அவளுடைய அய்யா பழைய பழக்கத்தில், "இதுக்கு மேல மழை விடாமப் பிடிச்சுட்டா பருத்தி என்னத்துக்கு ஆகும், சொல்லு பாப்போம்" என்று அவளைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகாதுய்யா, நல்லா விளையும்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து குழம்பு எடுக்கப் போனாள்.

அவர் என்னிடம், "இப்பமெல்லாம் இவ கணக்கே சொல்ல மாட்டேங்கா தாயி" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அய்யா காட்டுக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்து என் ஆபீஸ் வேலை ஒன்றைக் காட்டினேன். சந்தேகம் இருந்தது உண்மைதான், ஆனால் அவளை மறுபடியும் இழுக்க வேண்டும் என்றுதான் கொண்டுபோனேன். நிறைய நேரம் பார்த்தாள். கண் ஒரு இடத்தில் நின்றது. அவளுக்கு ஏதோ பட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"மோசம் சரியா வந்திருக்கா மதினி?"

"அதை நீ பாத்துக்கிடு மக்கா. என்ன விட்டுரு."

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க என்ன தப்புச் செஞ்சீங்க? அன்னைக்கு நீங்க போட்டதுல ஒண்ணுகூடத் தப்பல்ல மதினி. தறி நின்னு போச்சு, பாதியை வித்தோம், கடன் எவ்வளவு மிஞ்சும்னு நீங்க போட்டீங்களோ அவ்வளவுதான் மிஞ்சுச்சு. எல்லாம் நீங்க எழுதினபடி. அதனாலதான் அம்மா தலைக்கு மேல இன்னைக்குக் கூரை நிக்கி."

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஒண்ணு தப்புட்டி."

"எது?"

"அவுக இல்லாட்டின்னு போட்டேன்லா, அதுல வீட்டுச் செலவு யார் யாருக்குப் போட்டேன் தெரியுமா? அத்தை, நீ, நான். உனக்குக் கல்யாணமாயிட்டா அத்தையும் நானும். வயசான பொறவு அத்தைக்குக் கண் ஆபரேசன் வரும்னு அதுக்குக்கூட எழுதி வச்சிருந்தேன், நான்தான் கூட்டிட்டுப் போகணும்னு. நூலு போகும், கடை போகும், அவுகளே போயிருவாகன்னு போட்டேன். அதுக்கு மேல மோசம் கிடையாதுன்னு நினைச்சேன். அதுலயும் நான் அந்த வீட்டுலதான்ட்டி இருந்தேன்."

சொல்லிவிட்டு எனக்குக் காபி போட எழுந்து போனாள். நான் லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.